கிடங்குத் திடல் வழக்கில் நான் சாட்சி

கோர்ட் டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்.

"தியாகராஜன்... தியாகராஜன்... தியாகராஜன்..."

இருபது வருடங்களுக்கு மேலாகத் தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொல்லும் மனிதர். அன்று என் முகத்தைப் பார்க்காமல் வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் அவருக்கு நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். முறை என்றால் முறை.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். கறுப்புக் கோட்டும் கவுனும் இல்லாமல் அந்த அறைக்குள் நான் நுழைந்தது அன்றுதான். வெள்ளைச் சட்டையில் உடம்பு பாதியாகிவிட்டது போல இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கூண்டின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ பேருடைய உள்ளங்கை வியர்வை ஏறி வழவழப்பாகிப் போன மரம். எதிரில் நின்று எத்தனை பேரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன்! அவர்கள் ஏன் அந்தக் கட்டையை அப்படி இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கடைசி பெஞ்சில் கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். எங்கள் கிரிக்கெட் டீமின் கேப்டன். ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். கோர்ட்டுக்கு என்று இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் வழக்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திருநள்ளாற்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மற்றவர்களைக் கூண்டில் ஏற்றுகிறீர்களே, நீங்கள் ஏறியதுண்டா?" ஏறியிருக்கிறேன், அம்மா. ஒரே ஒரு முறை. அதைப் பற்றி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டக் கல்லூரியில் மூன்று வருடமும் பன்னிரண்டாவது ஆள். காரைக்காலுக்குத் திரும்பி வந்து பிராக்டீஸ் ஆரம்பித்த பிறகு, அரசலாற்றுக் கரையோரம் கிடங்குத் திடலில் மீனவர்களும் மின்துறை ஊழியர்கள் சிலரும் சேர்ந்து ஆடுவதைப் பார்த்தேன். விக்கெட் கீப்பராக நிற்க யாருக்கும் பிடிக்காது. வெயிலில் இருநூறு தடவை குனிந்து நிமிர வேண்டும். அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

திடலின் ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் கருவேல முள். ஐஸ் கம்பெனிச் சுவரைத் தாண்டி அடித்தால் ஆறு ரன். ஆற்றில் விழுந்தால் அவுட். பந்து போய்விடுகிறதே! உப்புக் காற்றில் தரை வெடித்திருக்கும், அதனால் தேங்காய் நார்ப்பாய் விரித்து ஆடுவோம். அந்தப் பாயின் வாசமும், பக்கத்து மீன் இறங்குதளத்திலிருந்து வரும் வாடையும், கிளவுஸுக்குள் ஊறும் வியர்வையும் சேர்ந்ததுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

சித்திரை பிறந்தால் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில் எங்கள் டீமுக்கு முழுப் பலம். அப்போதெல்லாம் தினமும் ஆட்டம் நடக்கும். கோர்ட்டுக்கும் கோடை விடுமுறை வந்துவிடும். நான் வீட்டில் தங்கியதே இல்லை. ராஜி, என் மனைவி, "நீங்க என்ன வக்கீலா, வலைக்காரரா?" என்பாள்.

கலியபெருமாள் இடது கையால் பந்து போடுவார். மெதுவாகத்தான் வரும். தரையில் பட்டதும் எந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்ஸ்மேனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் இடது கைச் சுண்டுவிரல் இன்றும் கோணலாக இருப்பது அவருடைய உபயம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ராஜி நாற்பத்தேழு வயதில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போனார்கள். மறுநாள் கோர்ட்டுக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை என்பதால் போனேன். அங்கேயும் இருக்க முடியவில்லை. மத்தியானம் வராந்தாவில் கலியபெருமாள் வந்து நின்றார். கைலியும் சட்டையுமாக, கடலிலிருந்து நேராக வந்திருந்தார்.

"வக்கீல் சார், ஸ்டம்புக்குப் பின்னால ஆளில்லாம பந்தெல்லாம் பை-ரன்னா போவுது. ஞாயித்துக்கெழமை வந்துடுங்க."

ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கேட்சை விட்டேன். எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். ராஜி போன பிறகு அன்றுதான் நான் ஒரு முழு மூச்சு விட்டது போல இருந்தது.

பிறகு அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மற்ற ஆறு நாட்களை ஓட்டப் பழகினேன்.

அந்துவான் முசியே வீட்டுப் பெட்டி

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஊர் வரலாறு. ஒரு தெருவுக்கு ஏன் அந்தப் பெயர், ஒரு குளத்தை யார் வெட்டினார்கள் என்று கிளம்பிவிடுவேன். பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு படித்தது இதற்கு உதவியது. பேச வராது. பழைய பத்திரங்களைத் தட்டுத் தடுமாறிப் படிப்பேன்.

கிடங்குத் திடலுக்கு ஏன் அந்தப் பெயர்? மீனவர்கள், "அங்க பெரிய பள்ளம் இருந்திச்சு, தூத்துட்டாங்க" என்பார்கள். கிடங்கு என்றால் பள்ளம் என்றும் ஒரு பொருள் உண்டே. எனக்கு அதில் திருப்தி இல்லை.

அந்துவான் முசியே என்ற பெரியவர் அப்போது உயிரோடு இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பத்திரங்களை எழுதிப் பதிவு செய்த நொத்தேரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். பிள்ளைகள் எல்லோரும் பிரான்ஸில். தனியாக ஒரு பெரிய வீட்டில், மூன்று மரப்பெட்டி நிறையப் பழைய காகிதங்களோடு வாழ்ந்தார். பல வாரம் அவர் வீட்டுக்கு நடந்தேன். காபி கொடுப்பார். பெட்டியைத் திறந்தால் கற்பூரமும் தூசியும் கலந்து மூக்கில் ஏறும்.

ஒரு நாள் அந்தப் பத்திரம் கையில் வந்தது. சாம்பசிவம் என்ற நெல் வியாபாரி, ஆற்றங்கரையில் கப்பலுக்கு ஏற்றும் நெல்லைப் போட்டுவைக்க ஒரு கிடங்கு கட்டியிருக்கிறார். புயலில் அது இடிந்து போகிறது. மனையை மட்டும் மகள் தையல்நாயகிக்கும், அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் வழிக்கும் எழுதி வைக்கிறார். நான்கு எல்லையும் சுத்தமாக எழுதியிருந்தது.

பென்சிலால் வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். முசியே அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். விளையாட்டாகத்தான் போட்டார். அந்தக் கையெழுத்து ஒரு நாள் கோர்ட் ஏறும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

"கிடங்குத் திடலுக்குப் பெயர் வந்த கதை" என்று ஒரு கட்டுரை எழுதினேன். வேறு கட்டுரைகளோடு சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாகவும் போட்டேன். ராஜிதான் அச்சுப்பிழை பார்த்தாள். "இத யாருங்க படிக்கப் போறாங்க?" என்று கேட்டாள். முந்நூறு பிரதி அடித்தது, கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கோட்டுச்சேரி நூலகத்துக்கு இரண்டு பிரதி இலவசமாகக் கொடுத்தேன்.

சில வருடங்களில் முசியே இறந்தார். பிள்ளைகள் வந்து வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். அந்தப் பெட்டிகள் என்னவாயின என்று யாருக்கும் தெரியவில்லை.

ராஜியின் கேள்விக்குப் பதில் வரப் பதினைந்து வருடம் ஆயிற்று. ஒருவர் படித்திருக்கிறார். கோட்டுச்சேரியில் ஓய்வுபெற்ற சுலோசனா டீச்சர். தையல்நாயகியின் கொள்ளுப் பேத்தி.

எழுதாமல் விட்டது

டீச்சர் திடலைக் கேட்டு வழக்குப் போட்டார். கலியபெருமாளும் டீமில் இன்னும் நான்கு பேரும் பிரதிவாதிகள். சம்மனை எடுத்துக்கொண்டு எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"நம்ம எடத்த நம்மள்ட்டேருந்து கேக்குறாங்க சார்," என்றார் கலியபெருமாள். "எங்கப்பா காலத்துலேருந்து வல காயப்போட்ட எடம். ஒருத்தர் வந்து ஏன்னு கேட்டதில்ல."

டீச்சரின் பிராதில் அப்போது என் கட்டுரை பற்றி ஒரு சொல்லும் இல்லை. குடும்பத்தில் வாய்வழியாக வந்த பேச்சையும் ஒரு பழைய வரி ரசீதையும் வைத்துத்தான் கேட்டிருந்தார். நான் பதில் தயார் செய்தேன். திடல் புறம்போக்கு என்றும், ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொதுவில் பயன்படுத்தி வருகிறார்கள் என்றும் எழுதினேன். தனியார் யாருக்கும் பாத்தியதை இருந்ததாகப் பிரதிவாதிகளுக்குத் தெரியாது என்றும் எழுதினேன்.

பிரதிவாதிகளுக்குத் தெரியாது என்பது உண்மைதான். அவர்களில் ஒருவரும் என் புத்தகத்தைப் படித்ததில்லை. தெரிந்தவன் அதை எழுதிய வக்கீல். அந்த ஓட்டையில் நான் ஒளிந்துகொண்டேன். சட்டப்படி தப்பில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். மூலம் காணாமல் போய்விட்டது, முசியே இறந்துவிட்டார், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதற்கும் அடியில் இருந்த காரணம் ஒன்றுதான். திடல் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

இரண்டாம் வருடம், ஒரு வாய்தாவில், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து என் புத்தகத்தை நீதிபதியிடம் நீட்டினார். நூலக முத்திரையோடு. நீதிபதி அட்டையைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இது நீங்க எழுதினதா, வக்கீல் சார்?"

"ஆமாம், யுவர் ஆனர்."

அறையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சாட்சியாக வேண்டியவர் அதே வழக்கில் வக்கீலாக நிற்க முடியாது. அன்றே வக்காலத்திலிருந்து விலகினேன். அடுத்த மாதம் டீச்சர் தரப்புச் சாட்சியாக எனக்குச் சம்மன் வந்தது.

கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. அந்தச் சாக்கும் எனக்கு இல்லை. இது அவர்கள் சொன்ன ரகசியமா? நானே அச்சடித்து ஊருக்குக் கொடுத்தது.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்திய சாயங்காலம் கலியபெருமாள் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"பத்திரத்தப் பாத்து எழுதுன நோட்டுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கீங்களாமே, அது இருக்குதா சார்?"

"இருக்கு."

"புது வக்கீல் சொல்றாரு, புஸ்தகத்த மட்டும் வச்சு ஒன்னும் பண்ண முடியாதாம். நோட்டு இருந்தாத்தான் கஷ்டமாம்." வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கரையான் அரிச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க. ஊர்ல யாரு வூட்ல கரையான் இல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, தெரியாது. கையைக் கூப்பிவிட்டுப் போனார். அதற்கு முன் அவர் என்னைக் கும்பிட்டதே இல்லை.

கூண்டில்

சத்தியம் செய்தேன். எதிரில் நின்ற வக்கீல் என்னைவிட வயதில் சிறியவர். மரியாதையாகவே கேட்டார்.

"மூலப் பத்திரத்த நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"படிச்சுப் புரிஞ்சுக்கிற அளவுக்கு உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"தெரியும்."

"அதப் பாத்து நகல் ஏதாவது எழுதி வச்சீங்களா?"

மின்விசிறி தட்டிக்கொண்டே சுற்றியது. நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கலியபெருமாள் லேசாகத் தலையை ஆட்டினார். இல்லை என்று சொல்லுங்கள் என்று ஆட்டினாரா, தைரியமாக இருங்கள் என்று ஆட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"எழுதி வச்சேன்."

"அது இப்ப எங்க இருக்கு?"

"என் பையில இருக்கு."

பையைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். முசியேவின் கையெழுத்து இருந்த பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட் செருகியிருந்தது. நீதிபதி பக்கங்களைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தபோது கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். கூண்டில் ஏறத் தயங்கிய சாட்சிகளிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. கூண்டிலிருந்து இறங்கப் படியைத் தேடினேன்.

பிறகு

டீச்சருக்குத் தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் நின்றது. திடலைச் சுற்றி முதலில் கம்பி வேலி வந்தது, பிறகு சுவர் வந்தது.

ஒரு நாள் காலை டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜையில் வைத்தார்.

"நான் உங்களுக்காகச் சொல்லல டீச்சர்," என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார். அதனாலதான் வந்தேன்."

அவர் நல்ல பெண்மணி. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எதிரில் ஒரு கெட்டவர் இருந்திருந்தால் கோபப்பட்டாவது ஆறியிருப்பேன். பழத்தைத் தொட மனம் வரவில்லை. தோல் கறுத்த பிறகு பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போட்டேன்.

டீமில் யாரும் என்னோடு சண்டை போடவில்லை. கடைத்தெருவில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா சார்?" என்று கேட்டார்கள். இப்போது எங்கே விளையாடுகிறார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அது எனக்கு ஒரு பஸ் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அறுப்பு முடிந்த ஒரு வயலில் அதே நார்ப்பாயை விரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கலியபெருமாள் பந்து போட ஓடி வந்தார். கீப்பர் புது ஆள். கலியபெருமாளின் பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்க வேண்டும். அவன் மூன்றடி பின்னால் நின்றான். பந்து அவன் காலுக்கு முன்னால் விழுந்து ஓடியது. நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"இங்க ஸ்டாப்பிங் இல்லீங்க," என்றார் கண்டக்டர்.

உட்கார்ந்தேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் வரலாறு என்று ஒரு வரி எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டி, சட்டைகளைத் துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். வீடு அன்றைக்கு மட்டும் ஏனோ பெரிதாகிவிடும். ராஜி அச்சுப்பிழை திருத்திய பழைய தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு, அவளுடைய சிவப்பு மைச் சுழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுத்தை விட்டுவிட்டுச் சுழிகளை மட்டும்.

சொட்டு மருந்து

போன மாதம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கண்மணி விரிய வேண்டும் என்று சொட்டு மருந்து விட்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கால் மணிக்கு ஒரு முறை சிஸ்டர் வந்து மறுபடி விடுவார். எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகள் கரைந்துபோயின. ஆட்கள் வெறும் நிறங்களாக நடந்தார்கள்.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் சொட்டு விட்டார்கள். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான் என்றே சொல்லலாம்.

"கலியபெருமாளா?"

"யாரு?" என்று முகத்தைத் திருப்பினார். "வக்கீல் சாரா?"

"ஆமாம். கண்ணுல என்ன?"

"புரைங்குறாங்க. ஒங்களுக்கு?"

"எனக்கும் அதேதான்."

படகை மகன் பார்த்துக்கொள்கிறானாம். டீம் கலைந்து நான்கு வருடம் ஆகிறதாம். முழங்கால் விட்டுவிட்டதாம். நான் ராஜிக்குத் திதி கொடுத்த நாளைப் பற்றி ஏதோ சொன்னேன். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தே பேசினோம். முகம் தெரியாதது வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

"நீங்க அன்னிக்குப் பொய் சொல்லியிருந்தீங்கன்னா," என்று ஆரம்பித்து நிறுத்தினார். சிஸ்டர் வந்து எங்கள் இருவருக்கும் மறுபடி சொட்டு விட்டுவிட்டுப் போனார். கண்ணை மூடிக்கொண்டே தொடர்ந்தார். "பொய் சொல்லியிருந்தீங்கன்னா, அதுக்கப்பறம் ஒங்கள ஒரு காரியத்துக்கும் நம்பியிருக்க மாட்டேன். அது எனக்கே தெரியும். யோசிச்சுப் பாத்துட்டேன்."

கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆனாலும் சொல்லியிருக்கலாம் சார்."

முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்துக் கேள்வி கேட்டே பிழைத்தவன். அந்த வாக்கியத்தில் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"சொல்லியிருக்கலாம்தான்," என்றேன்.

உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ள இடம் தேடி, என் தோளில் கை வைத்தார். கை வைத்த இடம் என் தோள் என்று தெரிந்துதான் வைத்தாரா என்று சொல்ல முடியாது. கனமான கை.

"வர்றேன் சார்," என்றார்.

நம் ஊரில் போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற சொல்தான் அது. அதற்கு அர்த்தம் போகிறேன் என்பதுதான். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வாரம் முழுக்க, பகலில், வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தேன்.